ரெட் ஹேட் தேர்வில் நான் வாங்கிய பூஜ்யம்

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், லினக்ஸ் இயங்குதள நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும், ஆர்எச்சிஎஸ்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘ரெட் ஹேட் சர்டிஃபைடு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ தேர்வை இரண்டரை மணி நேரம் எழுதிவிட்டு, எப்படியும் 250-க்குக் குறையாது என்ற நிறைவோடு கீழே இறங்கி டீ குடித்தேன். மொத்தம் 300 மதிப்பெண். தேர்ச்சிக்கு 210 வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு வந்த மின்னஞ்சலில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் நேரே 0 விழுக்காடு என்று வரிசையாக அச்சாகியிருந்தது, மொத்தமும் பூஜ்யம். பத்தாம் வகுப்பிலிருந்து பொறியியல் முடிக்கும் வரை தோற்ற பாடங்களில்கூட இருபதாவது வாங்கியிருக்கிறேன். முழுப் பூஜ்யம் என்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

‘எழுதிவிட்டு’ என்று நான் சொன்னது பழக்கதோஷம். இந்தத் தேர்வில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக என்ற வகைக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. லினக்ஸ் ஓடும் ஒரு கணினியின் முன் உட்கார வைப்பார்கள், செய்து முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் திரையில் இருக்கும், கைப்பேசியும் குறிப்பேடும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், இணையம் கிடையாது, அந்தக் கணினியிலேயே இருக்கும் ‘மேன் பக்கங்கள்’ போன்ற கட்டளைக் கையேடுகளை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் புரட்டிக்கொள்ளலாம். நேரம் முடிந்த பிறகு அந்த இயந்திரம் ரீபூட் ஆகி மறுபடி எழ வேண்டும். எழுந்த நிலையில் நாம் செய்தவை நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். எந்தக் கட்டளையால் செய்தோம், எத்தனை முறை தடுமாறினோம் என்பதெல்லாம் கணக்கில் வராது.

கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே தொடங்கும் என்பதால், இங்கே கேள்வித்தாள் கிடைக்கும் என்று வந்தவர்கள் ஏமாற வேண்டியிருக்கும். ரெட் ஹேட் தன் வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பாடத்திட்டத்தில் இருப்பவற்றையும், என் வீட்டு லேப்டாப்பில் நான் உடைத்துப் பார்த்தவற்றையும் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

இந்தத் தேர்வுக்கு நான் வந்த வழி எல்லோரும் வரும் வழிதான். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்துவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிஃப்டில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதிது கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கச் சொல்வது, டிக்கெட்டை மூடுவது என்று மூன்றரை ஆண்டுகள் ஓடின. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர் டீம் உட்கார்ந்திருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதையும், அவர்கள் அவசரமே இல்லாமல் காபி குடிப்பதையும் பார்க்கப் பார்க்க, எனக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று இருந்தது. கேட்டபோது, “சர்டிஃபிகேட் இருந்தா சொல்லு, பேசிப் பாக்கலாம்” என்றார் அவர்களுடைய லீடு.

ரெட் ஹேட் இந்தப் படிப்புக்கு ஆர்எச்124, ஆர்எச்134 என்று இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டையும் சுருக்கிய ஆர்எச்199 என்ற விரைவுப் பாடமும் உண்டு. பாடத்துக்குப் போகாமல் நேராகத் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. நான் சேர்ந்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு பாடங்களையும் எட்டு வார இறுதிகளில் நடத்தினார்கள். ஆசிரியர் புரொஜெக்டரில் கட்டளை அடிப்பார், நாங்கள் பார்த்து அடிப்போம், எல்லோருக்கும் வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். கடைசி வாரம் இருபத்திரண்டு பக்க ஜெராக்ஸ் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்து, “இதை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க, பாஸ்” என்றார்கள். தேர்வில் வந்ததாகச் சொல்லப்படும் கேள்வி-விடைத் தொகுப்பு; ‘டம்ப்ஸ்’ என்று ஊர் முழுக்கப் புழங்கும் சரக்கு அது.

டம்ப்ஸ் படிப்பது தவறா என்று என்னிடம் இன்றும் கேட்கிறார்கள். ஒப்பந்தப்படி தவறுதான், பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும். அதைவிட எனக்கு அதன்மேல் உள்ள வருத்தம் வேறு. அந்த இருபத்திரண்டு பக்கங்களில் இருந்த கட்டளைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அடித்த கட்டளை வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது என்பது அதில் ஒரு வரிகூட இல்லை. விடைகளை மட்டுமே படித்தவனுக்குத் தன் விடை தவறிப்போனது தெரியவே தெரியாது. அப்படித்தான் நான் சிரித்துக்கொண்டே டீக்கடைக்கு இறங்கினேன்.

பூஜ்யம் வந்த இரவு அம்மா கேட்டது, “மறுபடியும் பணம் கட்டணுமாடா?” என்பதுதான். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி தேர்வுக் கட்டணமாகப் போயிருந்தது. இரண்டாவது முறைக்கு அம்மாவின் ஏலச்சீட்டுப் பணம்தான் போயிற்று. அது சீட்டுப் பணம் என்பதாலேயே, எதனால் பூஜ்யம் என்று தெரியாமல் மறுபடி போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 4 ஜிபி நினைவகம் இருந்தது. அங்கேயே இன்னொரு கடையில் 8 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். கணினிக்குள் கணினி ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸில் அணைந்து கிடந்தது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். அதன்பின் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் ஆளுக்கு ஒரு ஜிபி வீதம் மூன்று விர்ச்சுவல் மெஷின்களில் சென்ட்ஓஎஸ் 7 போட்டேன். அப்போது சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹேட் லினக்ஸின் அச்சு அசலான இலவச வடிவம். 2024 ஜூன் 30-உடன் அந்த 7-ஆம் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது. இன்று தொடங்குகிறவர்கள் ராக்கி லினக்ஸையோ ஆல்மா லினக்ஸையோ எடுத்துக்கொள்ளலாம். அசலே வேண்டும் என்றால் ரெட் ஹேட்டின் டெவலப்பர் சந்தாவில் பதிவு செய்துகொண்டு தனிநபர்கள் பதினாறு இயந்திரங்கள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2021 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, பயிற்சிக்கு வழியில்லை என்று யாரும் சொல்வதை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. பணம் வேண்டியது தேர்வுக்குத்தான்.

ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் அந்த மூன்று இயந்திரங்களோடு இருப்பேன். முதல் வாரம் ஜெராக்ஸில் இருந்தவற்றை வரிசையாகச் செய்து பார்த்தேன்; எல்லாம் வந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள், தூக்கக் கலக்கத்தில் லேப்டாப் சார்ஜ் இறங்கி அணைந்துபோயிற்று. மறுபடி கிளப்பிப் பார்த்தபோது, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் செய்தவற்றில் பாதி காணாமல் போயிருந்தது. வெப் சர்வர் ஓடவில்லை. திறந்து வைத்த போர்ட் மூடியிருந்தது. கொடுத்த ஐபி முகவரி பழையதற்குத் திரும்பியிருந்தது. அன்று தூங்கவில்லை. வகுப்பில் எட்டு வாரம் கேட்டும் காதில் விழாத ஒன்று அப்போதுதான் புரிந்தது.

லினக்ஸில் ஏறத்தாழ ஒவ்வொரு அமைப்புக்கும் இரண்டு இருப்புகள் உண்டு. ஒன்று, இந்த நிமிடம் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது. மற்றொன்று, வட்டில் ஏதோ ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருப்பது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்’ என்றால் சேவை இப்போது ஓடும்; ‘எனேபிள்’ என்று தனியாகச் சொன்னால்தான் நாளை இயந்திரம் எழும்போது தானாக ஓடும். ஃபயர்வாலில் ஒரு விதியைச் சேர்த்தால் அது உடனே வேலை செய்யும். ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் கோப்பில் எழுதப்படும், ஆனால் அதை மட்டும் செய்தால் ‘ரீலோடு’ கொடுக்கும் வரை இப்போது வேலை செய்யாது. மவுன்ட் கட்டளையால் ஒரு பார்ட்டிஷனை, அதாவது வட்டின் ஒரு பகுதியை, இணைத்தால் இப்போது தெரியும். எட்சி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரி எழுதினால்தான் நாளையும் தெரியும். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கில் ‘செட்என்ஃபோர்ஸ்’ இன்றைக்கு, ‘கான்ஃபிக்’ கோப்பு நாளைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இந்தத் தேர்வு முழுவதும் நிற்கிறது. ரீபூட் செய்த பிறகே மதிப்பெண் என்று விதி வைத்ததன் பொருளும் அதுவே.

இது தேர்வுக்காகச் செயற்கையாகக் கட்டிய கெடுபிடி என்று முன்பு நினைத்திருந்தேன். பிறகு சர்வர் டீமுக்கு மாறி, நானூறு நாளுக்கு மேல் அணையாமல் ஓடிய ஒரு சர்வரை லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குத் திருத்தம் போடுவதற்காக ரீபூட் செய்ய வேண்டிவந்த ஒரு ஞாயிறு நள்ளிரவில், அந்த எண்ணம் போய்விட்டது. அந்த நானூறு நாட்களில் யார் யாரோ எதை எதையோ கையால் இணைத்து, ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ‘அப்டைம்’ நானூறு என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

என் பூஜ்யத்துக்கு வருகிறேன். புதிதாக ஒரு கோப்பு முறைமையை உருவாக்கி, அது ஒவ்வொரு முறையும் தானாக மவுன்ட் ஆகும்படி செய்வது பாடத்திட்டத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கென எழுதும் வரியில், பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் யூயூஐடி எண்ணைக் கொடுப்பதுதான் நல்ல வழக்கம். அது 32 எழுத்துகளும் நடுவே நான்கு கோடுகளும் கொண்ட நீண்ட சரம். 0 முதல் 9 வரையிலான எண்களும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். தேர்வறையில் கடைசிப் பத்து நிமிடத்தில், ஒரு டெர்மினலில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து இன்னொரு டெர்மினலில் கையால் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அடித்துவிட்டு, மவுன்ட் கட்டளைக்குப் பார்ட்டிஷனின் பெயரையே நேரடியாகக் கொடுத்து இணைத்தேன். இணைந்திருப்பவற்றைக் காட்டும் ‘டிஎஃப்’ பட்டியலில் வந்துவிட்டது. ரீபூட் செய்ய நேரமில்லை, தேவையும் இல்லை என்று எழுந்துவிட்டேன்.

வீட்டில் அதையே செய்து பார்த்தேன். வேண்டுமென்றே ஆறு என்ற இடத்தில் ‘பி’ என்ற எழுத்தைப் போட்டேன். அந்த எழுத்துருவில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ரீபூட் கொடுத்தேன். சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓட, ‘எ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்’ என்ற வரிக்கு அருகில் நொடிகள் எண்ணப்பட்டன. இல்லாத ஒரு வட்டுக்காக இயந்திரம் ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. பிறகு ‘வெல்கம் டு எமர்ஜென்சி மோடு’ என்று சொல்லி, ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிட்டது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் அந்த ஓர் எழுத்தைத் திருத்த, தெரிந்தவனுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் மதிப்பெண் போடும் நிரலுக்கு, எழாத இயந்திரத்துக்குள் போக வழியில்லை. பயனர் கணக்குகள், குழுக்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், வட்டைப் பிரித்தாளும் எல்விஎம் என்று இரண்டு மணி இருபது நிமிடம் நான் சரியாகச் செய்தவை எல்லாம் அந்த எமர்ஜென்சி மோடுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கும். இதுதான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. எல்லாப் பிரிவுக்கும் ஒருசேரப் பூஜ்யம் வர வேறு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து யூயூஐடி எண்ணை நான் கையால் அடித்ததே இல்லை. ‘பிஎல்கேஐடி’ கட்டளையின் விடையை இரட்டை அம்புக்குறி போட்டு எஃப்எஸ்டேப் கோப்பின் கடைசியில் நேராகச் சேர்த்துவிட்டு, விஐ எடிட்டரில் வேண்டாததை வெட்டுவேன். ஒற்றை அம்புக்குறி போட்டால் கோப்பில் ஏற்கெனவே இருந்த அத்தனை வரிகளும் அழிந்துபோகும் என்பதையும் வீட்டில் ஒரு காலைப் பொழுது எனக்குக் கற்றுக்கொடுத்தது. எழுதி முடித்ததும் இணைத்ததைக் கழற்றிவிட்டு ‘மவுன்ட் ஹைபன் ஏ’ கொடுத்தால், கோப்பில் இருப்பதைப் படித்து இணைக்கும். தவறு இருந்தால் அங்கேயே கத்தும். ரெட் ஹேட் லினக்ஸின் எட்டாம் பதிப்பு முதல் ‘ஃபைன்ட்மவுன்ட்’ கட்டளைக்கு ‘வெரிஃபை’ என்று சொன்னால் கோப்பை வரி வரியாகச் சரிபார்த்தும் தருகிறது. கழற்றாமல் ‘மவுன்ட் ஹைபன் ஏ’ கொடுத்துவிட்டு, தவறொன்றும் வரவில்லை என்று நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எஸ்இலினக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி நிலையங்கள் அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் பிறந்து, 2000 டிசம்பரில் பொதுவெளிக்கு வந்த இந்தப் பாதுகாப்பு அடுக்கு, ஒவ்வொரு கோப்பின் மீதும் ஒரு லேபிளை ஒட்டி வைக்கிறது. எந்தச் சேவை எந்த லேபிள் ஒட்டிய கோப்பைத் தொடலாம் என்று விதி வைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் ஆசிரியர் முதல் வாரமே அதை அணைத்துவிட்டார்; “புரொடக்‌ஷன்ல எல்லாரும் டிஸேபிள்தான் பண்ணி வெச்சிருப்பாங்க” என்றார். தேர்வில் அது விழித்தே இருக்கும்.

இதை உணர எளிய வழி ஒன்று உண்டு. வீட்டு அடைவில் இரண்டு வலைப்பக்கக் கோப்புகளை உருவாக்கி, ஒன்றை வெப் சர்வரின் அடைவுக்கு ‘சிபி’ கொண்டு நகலெடுங்கள். மற்றொன்றை ‘எம்வி’ கொண்டு நகர்த்துங்கள். இரண்டுக்கும் உரிமையாளரும் அனுமதிகளும் ஒன்றாகவே இருக்கட்டும். உலாவியில் முதல் கோப்பு திறக்கும். இரண்டாவது 403, அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். நகலெடுத்தது புதிய கோப்பு என்பதால் போன இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்கிறது. நகர்த்தியது பிறந்த வீட்டின் லேபிளோடேயே போய் நிற்கிறது. ‘எல்எஸ்’ கட்டளைக்குப் பெரிய ‘இசட்’ கொடுத்துப் பார்த்தால் இரண்டு லேபிள்களும் வேறாகத் தெரியும். ‘சிஎச்கான்’ போட்டு லேபிளை மாற்றினால் உடனே திறந்துவிடும், ஆனால் எப்போதாவது முழு வட்டுக்கும் மறுலேபிள் நடந்தால் அந்த மாற்றம் அழிந்துவிடும். ‘செமேனேஜ்’ கொண்டு விதியை எழுதி, ‘ரெஸ்டோர்கான்’ கொண்டு அதைப் பூசினால்தான் நிற்கும். மறுபடியும் அதே இன்றும் நாளையும்.

ரூட் பாஸ்வேர்டை மறந்த இயந்திரத்துக்குள் நுழைவதிலும் இந்த லேபிள் காலை வாரும். பூட் ஆகும்போது இடைமறித்து, கெர்னல் வரியின் முடிவில் ‘ஆர்டி டாட் பிரேக்’ என்று சேர்த்து உள்ளே போய்ப் புதிய பாஸ்வேர்டு வைப்பது வரை ஜெராக்ஸில் இருந்தது. வெளியே வருவதற்கு முன் ‘ஆட்டோரீலேபல்’ என்ற வெற்றுக் கோப்பை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு உருவாக்க வேண்டும் என்பதும் இருந்தது. ஏன் என்பது இல்லை. அந்த நிலையில் எஸ்இலினக்ஸ் விதிகள் ஏற்றப்பட்டிருக்காது என்பதால், பாஸ்வேர்டுகள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பு புதிதாக எழுதப்படும்போது லேபிள் இல்லாமல் பிறக்கிறது; விழித்த எஸ்இலினக்ஸ் அதை யாரும் தொட விடாது; பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது. ஏன் என்று தெரிந்த பிறகு அந்தப் புள்ளி எனக்கு மறந்ததே இல்லை.

மேன் பக்கங்களுக்காகத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கினேன். ‘மேன் ஹைபன் கே’ என்று ஒரு சொல்லைத் தேடினால் எதுவுமே இல்லை என்று வரும் இயந்திரத்தில், முதலில் ‘மேன்டிபி’ என்று ஒரு முறை ஓட்டிவிட்டால் தேடல் வேலை செய்யத் தொடங்கும் என்ற ஒரு வரிக்காக அந்த வாரம் முழுவதையும் கொடுக்கலாம். ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ பக்கத்தின் அடியில் முழு எடுத்துக்காட்டு இருக்கிறது. இருபத்திரண்டு பக்க ஜெராக்ஸில் பாதி, தேர்வு இயந்திரத்துக்குள்ளேயே அனுமதியோடு இருந்தது என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது, அதற்குக் கொடுத்த பணத்தை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் மாதம் இரண்டாவது முறை போனேன். அதே மூன்றாம் மாடி, அதே நாற்காலி என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு மூன்று நான்கு வேலைக்கும் ஒரு முறை ரீபூட் செய்தேன். நேரம் வீணாகிறதே என்று கை பதறியது, ஆனாலும் செய்தேன். கடைசி இருபது நிமிடம் புதிதாக எதையும் தொடவில்லை. ஒரு வேலை எனக்குக் கடைசி வரை வரவில்லை; அதை விட்டுவிட்டேன். 268 வந்தது. அடுத்த மாதமே, ஜூலை 9-ஆம் தேதி, ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்த செய்தி வந்தது. “நீ பாஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் விலை ஏறிடுச்சு” என்று ஷிஃப்டில் கேலி செய்தார்கள்.

அதே ஷிஃப்டில் என் நண்பன் ஒருவன் மைக்ரோசாஃப்ட் பக்கம் போயிருந்தான். விண்டோஸ் சர்வர் 2012-க்கான எம்சிஎஸ்ஏ சான்றிதழுக்கு 70-410, 70-411, 70-412 என்று மூன்று தேர்வுகள் எழுதி முடித்தவன். 2021 ஜனவரி 31-உடன் மைக்ரோசாஃப்ட் எம்சிஎஸ்ஏ என்ற வரிசையையே நிறுத்திவிட்டு எல்லோரையும் அஷ்யூர் என்ற தன் கிளவுட் சேவைப் பக்கம் திருப்பிவிட்டது. எந்த நிறுவனத்தின் லினக்ஸையும் சாராத எல்பிஐசி-1 சான்றிதழும் உண்டு. 101, 102 என்று இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் தொண்ணூறு நிமிடத்தில் அறுபது கேள்வி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், லினக்ஸின் அடிப்படையைப் பரந்து தொடுகிறது. ஆனால் தெரிவு செய்தும் கோடிட்ட இடத்தை நிரப்பியும் தேறிவிடலாம் என்பதால், ஆள் எடுக்க உட்காரும்போது நான் எல்பிஐசி வைத்திருப்பவரிடம் கேட்கும் கேள்விகள் கொஞ்சம் கூடுதல். ஆர்எச்சிஎஸ்ஏ வைத்திருப்பவரிடமும் எஃப்எஸ்டேப் பற்றி ஒன்று கேட்டுவிடுவேன். டம்ப்ஸ் ஊர் முழுக்க இருக்கிறதே.

இந்தச் சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டு. 2022 ஜூனில் எனக்குக் காலாவதி ஆயிற்று. வேலைப் பளுவில் விட்டுவிட்டேன். 1999-இல் தொடங்கிய மேல்நிலைச் சான்றிதழான ஆர்எச்சிஇ-யை எடுக்க நினைத்தபோதுதான், அதற்குக் கீழ்ப்படியான ஆர்எச்சிஎஸ்ஏ செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று மறுபடி வந்து சேர்ந்தேன். 2023 ஆடி மாதம், ஒன்பதாம் பதிப்பில், இந்த முறை வீட்டிலிருந்தே. தேர்வு மூன்று மணி நேரமாகியிருந்தது. அவர்கள் தரும் படிமத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நம் லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்ய வேண்டும்; தனியாக ஒரு வெப்கேமரா வைத்து மேசையையும் அறையையும் சுற்றிக் காட்ட வேண்டும்; தேர்வு முடியும் வரை வேறு யாரும் அறைக்குள் வரக்கூடாது. அம்மாவிடம் மூன்று மணி நேரம் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் அது என்பதைப் பார்க்காமல் தேதி குறித்திருந்தேன். எல்விஎம்முக்கும் எல்.ஆர்.ஈஸ்வரிக்கும் நடுவே அந்த மூன்று மணி நேரம் போயிற்று.

ஒன்பதாம் பதிப்பின் பாடத்திட்டத்தில் பாட்மேன் கன்டெய்னர்கள் (நிரலைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை) சேர்ந்திருந்தன. ரூட் அல்லாத பயனரின் பெயரில் ஒரு கன்டெய்னரை ஓட்டி, இயந்திரம் எழும்போது அதுவும் எழ வேண்டும் என்றால், அந்தப் பயனருக்கு ‘லிங்கர்’ என்ற ஒன்றை ‘லாஜின்சிடிஎல்’ கொண்டு எனேபிள் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பயனர் வெளியேறியதும் கன்டெய்னரும் படுத்துவிடும், ரீபூட்டுக்குப் பிறகு அவர் உள்ளே வரும் வரை எழாது. இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ரூட்டாக இருந்துகொண்டு ‘எஸ்யூ’ போட்டு அந்தப் பயனராக மாறினால் ‘சிஸ்டம்சிடிஎல் யூசர்’ கட்டளைகள் ‘பஸ்’ஸோடு (நிரல்கள் செய்தி பரிமாறும் தடத்தோடு) இணைய முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும்; எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக அந்தப் பயனராகவே நேராக உள்ளே வந்தால் சரியாகிவிடும். வீட்டில் இதற்கு ஒரு மாலை முழுவதும் போயிருந்ததால், தேர்வில் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. இந்த முறை முழு 300.

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, “அண்ணா, ஆர்எச்சிஎஸ்ஏக்கு நல்ல டம்ப்ஸ் எதுவும் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லி, ரிச்சி தெரு லேப்டாப்பை அவளிடம் கொடுத்தேன். உள்ளே மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். பாஸ்வேர்டு எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் சத்தமில்லை. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணா, ரூட் பாஸ்வேர்டை மாத்திட்டேன். அந்தப் புள்ளி வெச்ச ஃபைலும் போட்டேன். ஆனா இப்ப சிவப்பு ஸ்டாரா ஓடுது, ஒன்றரை நிமிஷம் எண்ணுது. நான் எதையும் தொடலண்ணா.”

நான்தான் தொட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எண்ணி முடிக்கட்டும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும், நீயே வைத்ததுதானே, கொடு என்றேன். ‘வெல்கம்’ என்று வந்திருப்பதாகச் சொன்னாள். எஃப்எஸ்டேப்பைத் திறக்கச் சொன்னேன். போனை மேசையில் வைத்துவிட்டாள் போலும். கீபோர்டு ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

“அண்ணா, கடைசி வரியில இருக்கற யூயூஐடி, பிஎல்கேஐடில வர்றதோட ஒத்துப்போகல. ஓர் எழுத்து வேற. இது ஆறா, பி-யா?”